சுபாக்கா பேருக்கு வந்த மாம்பழ மெயில்

ஓசூர்
24 மார்ச் 2025

பெரியகுளம் கும்பக்கரை ரோடு மாந்தோப்பு, திருமதி நதியா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சூரியபிரகாஷ். உங்களுக்கு என்னைத் தெரியாது. வருடா வருடம் உங்களிடம் மாம்பழம் வாங்கிய சுபாஸ்ரீயின் கணவன். உங்கள் விலாசத்தைப் போன வருடத்துப் பழப்பெட்டியின் மூடியிலிருந்து எடுத்தேன். அந்த அட்டைப்பெட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. வீட்டில் பழைய செருப்பெல்லாம் அதில்தான் கிடக்கிறது.

சுபாஸ்ரீ சென்ற நவம்பரில் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவளுடைய மெயில் பெட்டியை இப்போது நான்தான் பார்க்கிறேன். பேங்க், இன்சூரன்ஸ் விஷயமாக ஏதாவது வரும் என்பதால் மூடவில்லை. பிப்ரவரியில் உங்கள் மெயில் வந்தது, மரம் பூத்திருக்கிறது என்று. “இந்த முகவரிக்கு இனி அனுப்ப வேண்டாம்” என்று பதில் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாக மெயில் வந்தது. மறுபடியும் அதையே எழுதினேன். அதற்கு நீங்கள் அனுப்பியதை அப்படியே தருகிறேன்: “என்ன கோவம் சுபாக்கா? போன வருசம் பழம் எதுவும் சொத்தையாப் போச்சா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வருசப் பெட்டியில நேர் பண்ணிடுறேன்.”

அன்றைக்கு நான் ஆபீசுக்குப் போகவில்லை.

அவள் முகவரியிலிருந்து போன பதில் என்பதால் அவளே எழுதினாள் என்று நினைத்திருப்பீர்கள். காரணத்தை நான் சொல்லியிருக்கலாம். இறந்துவிட்டாள் என்ற வார்த்தையை அவளுடைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் செய்ய எனக்கு வரவில்லை. தொடங்கினேன், அழித்தேன். பேனாவில் எப்படியோ வருகிறது.

நேற்று இன்னொன்று வந்தது. உங்கள் மெயில்கள் அத்தனையையும் ஸ்பேம் என்று குறித்துவிட்டேன். விளையாட்டாகச் செய்யவில்லை. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலையே இதுதான். நோயாளிகளுக்கு நாங்கள் அனுப்பும் மெயில்கள் ஸ்பேமுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது. ஆகவே அந்தப் பட்டனை அழுத்தினால் அனுப்பியவருக்கு என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தே அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் செய்துவிட்டுப் போக மனம் ஒப்பாததால் இதை எழுதுகிறேன்.

அவள் பெயரை எடுத்துவிடுங்கள். பதில் வேண்டாம்.

சூரியபிரகாஷ்


பெரியகுளம்
29 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சூரியபிரகாஷ் சார் அவர்களுக்கு நதியா எழுதுவது.

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கம் தெரிந்த பிறகு விசாரிக்காமல் இருக்க எனக்கு வராது. நேரில் வந்து கையைப் பிடித்துக் கேதம் கேட்க வேண்டும். ஓசூர் அவ்வளவு பக்கத்தில் இல்லை. இந்தக் காகிதத்தில்தான் கேட்கிறேன். சுபாக்கா போய்விட்டது என்று படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டேன். தேடி வந்த என் வீட்டுக்காரர் தங்கபாண்டி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் பக்கம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குக்கூட ஆள் விட்டுச் சாவைச் சொல்லிவிடுவார்கள். பழம் விற்கிறவளுக்கு எதற்கு என்று நீங்கள் நினைத்தது புரிகிறது. ஆனால் அக்கா பழம் மட்டுமா கேட்டது? மழை பெய்ததா என்று கேட்கும். என் மகள் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டபோது எனக்கு எவ்வளவு பெரிய மெயில் போட்டது தெரியுமா.

எனக்கு உங்களைத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தெரியும். மூன்று நான்கு வருசத்துக்கு முன்னால் அக்கா தோப்புக்கு வந்தபோது நீங்கள் காரை விட்டு இறங்கவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அக்கா மரத்தடியில் நின்று காசாலட்டு மாம்பழம் தின்றது. முழங்கை வரை சாறு. “எங்க வீட்டுக்காரர் மாம்பழத்தை போர்க்கில குத்தித்தான் தின்பார், அவருக்கு நீங்க என்ன பழம் குடுத்தாலும் வேஸ்ட்” என்று சொல்லிச் சிரித்தது.

வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் ஏன் மறுபடி அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் சுருளிப்பட்டியில் பிறந்து பெரியகுளத்தில் வாக்கப்பட்டவள். எங்களுக்கு ஒரு விசேஷம் என்றால், வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட வீட்டுக்குத்தான் ரெண்டாம் தடவை தட்டு எடுத்துக்கொண்டு போவோம். விட்டுவிட்டால் ஊர் நம்மைத்தான் பேசும். மெயிலிலும் அப்படியே செய்துவிட்டேன். யார் வேண்டாம் என்று எழுதினாலும் அவர்களுக்கு ரெண்டாக அனுப்புவது என் வழக்கம். உங்கள் வீட்டில் அது எப்படிப் போய்க் குத்தியிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆறவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இதைக் கேட்க இது நேரம் இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். இந்த வருசம் ஒருவரும் பழத்துக்குச் சொல்லவில்லை. பங்குனியில் மெயில் போட்டால் சித்திரைக்குள் பாதித் தோப்புப் பழத்துக்கு ஆட்கள் சொல்லி வைத்துவிடுவார்கள். இந்தத் தடவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. எல்லாருக்கும் என் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை எல்லார் வீட்டிலும் ஸ்பேமில்தான் விழுகிறதா?

நீங்கள் சொன்னதற்கு நன்றி. திட்டிச் சொன்னாலும் சொன்னீர்களே.

நதியா


ஓசூர்
3 ஏப்ரல் 2025

திருமதி நதியா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. இங்கே வந்தவர்கள் எல்லாரும் டாக்டர் என்ன சொன்னார், எப்போது சேர்த்தீர்கள், ஏன் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றவில்லை என்றுதான் கேட்டார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் மாம்பழம் தின்றதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போர்க் விஷயம் உண்மைதான். கையில் பிசுபிசுப்பு எனக்கு ஆகாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுபாஸ்ரீயின் பெட்டியில் கிடந்த உங்கள் மெயில் ஒன்றைத் திறந்து, அது எந்த வழியாக வந்தது என்ற விவரங்களைப் பார்த்தேன். சோதித்துப் பார்க்க என்னுடைய ஆபீஸ் முகவரிக்கு ஒன்று அனுப்பச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நிச்சயமாக ஸ்பேமில்தான் விழும். நான் பதில் போட்டதால்தான் சுபாஸ்ரீயின் பெட்டிக்கு மட்டும் தப்பி வந்துகொண்டிருந்தது. போன வருடம் வரை சாதாரண இலவச முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். இந்த வருடம் தோப்பின் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கியிருக்கிறீர்கள். வாங்கிக் கொடுத்தவர் அதோடு விட்டுவிட்டார். அந்தப் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. பாஸ் இல்லாத லாரியைக் குமுளி செக்போஸ்டில் ஓரம் கட்டுவார்கள் அல்லவா, அது மாதிரி. உள்ளே நல்ல சரக்கு இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

இது ஒன்று. நீங்கள் அனுப்புவது எழுத்து இல்லை, பெரிய போஸ்டர் படம். தலைப்பில் “உடனே திறக்கவும்” என்று இருக்கிறது. மோசடிக்காரர்கள்தான் அப்படி எழுதுவார்கள். அதையும் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே அடியாக அனுப்புகிறீர்கள். அதில் எத்தனையோ முகவரிகள் இப்போது இல்லவே இல்லை. ஆள் இல்லாத வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரை மெயில் கம்பெனிகள் சந்தேகப்படும். எல்லாவற்றுக்கும் மேலே, வேண்டாம் என்றவர்களுக்கு இரண்டு இரண்டாக அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதற்கு நானே சாட்சி. அவர்கள் பெயரையும், பதிலே போடாதவர்கள் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

நான் ஒருவன் அழுத்தியதால் உங்களுக்கு இது நடக்கவில்லை. ஆனால் நானும் ஒருவன்.

அனுமதி பதியும் வேலையை நான் செய்து தருகிறேன். தோப்பின் பெயர் பதிவு செய்த கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். கீழே என் போன் நம்பர் இருக்கிறது.

சூரியபிரகாஷ்


பெரியகுளம்
8 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு நதியா எழுதுவது. சார் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பாஸ்வேர்டு சொன்னதோடு சரி. நீங்களும் “ம்”, “சரி” என்று வைத்துவிட்டீர்கள். உங்களுக்கும் எனக்கும் காகிதத்தில்தான் பேச்சு வருகிறது போலிருக்கிறது. போன் என்றதும் ஞாபகம் வருகிறது. மெயில் போகவில்லை என்றதும் பழைய ஆட்கள் கொஞ்சம் பேருக்குப் போன் அடித்துப் பார்த்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அவர்கள் போனில் என் நம்பர் ஸ்பேம் என்று சிவப்பாகக் காட்டும் என்று என் மகள் சொல்கிறாள். மாங்காய் விற்கிறவள் கொள்ளைக்காரியாகிவிட்டேன்.

நீங்கள் எழுதியதில் செக்போஸ்ட் புரிந்தது. போஸ்டர் புரிந்தது. அந்தப் போஸ்டருக்காக நானும் என் மகளும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம், பரவாயில்லை. பெயரை எடுக்கச் சொல்கிறீர்களே, அதுதான் இறங்கவில்லை.

ஒரு தடவை நம் பழத்தைத் தின்றவர்கள் அண்ணே. பதில் போடவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து அடிப்பதா? எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுகிற வரிசையில் ஒரு வீட்டை விட்டுவிட்டால், அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். மறந்துவிட்டேன் என்று சொன்னால்கூட ஏற்க மாட்டார்கள். வராவிட்டாலும் கொடுப்போம். ஊரை விட்டுப் போய்விட்டாலும் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவோம்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லி நியாயம் கேட்டேன். அவர் எனக்குத்தான் பேசுவார் என்று நினைத்தேன். “வரமாட்டோம்னு சொன்னவுக வாசல்ல போயி திரும்பத் திரும்ப நின்னா அதுக்குப் பேரு மரியாதை இல்ல புள்ள, ரோதனை. அந்த ஓசூர்க்காரரு எம்புட்டு நொந்து போயி எழுதியிருக்காக, பாத்தேல்ல” என்றுவிட்டார். ரெண்டு நாளாக அவரோடு சரியாகப் பேசவில்லை.

அவர் கவலை அவருக்கு. தோப்புக் காயை மொத்தமாக வாங்குகிற குத்தகைக்காரர் வீரபாண்டி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். “இங்கன இருக்கற காயை அம்புட்டையும் இப்பவே எறக்கிருவோம். கல்லு வச்சா ரெண்டு நாள்ல நெறம் வந்துரும்” என்கிறார். கல்லு என்றால் கார்பைட். அதை எங்கள் தோப்புப் பழத்தில் வைக்க மாட்டேன் என்று மாமியாரிடமும் ஊரிடமும் சண்டை போட்டுத்தான் நான் மெயிலில் விற்கவே ஆரம்பித்தேன். வீம்புக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். சித்திரை பிறந்த கையோடு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் சொல்லாமல் காயை மரத்தில் விட்டு வைத்தால், ஒரு கோடைமழைக்கு அத்தனையும் தரையில் கிடக்கும். கொடுத்துவிடு என்று தங்கபாண்டி சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

நீங்கள் எனக்காக வேலை மெனக்கெட்டு உட்காருவது தெரிகிறது. உங்கள் கஷ்டத்துக்கு நடுவில் இதைச் செய்கிறீர்கள். நல்லா இருக்கணும் நீங்கள்.

நதியா


ஓசூர்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள நதியா,

அனுமதியைப் பதிந்துவிட்டேன். உங்கள் தோப்பின் பெயரில் எந்த இடத்திலிருந்து மெயில் போகலாம், போகும் மெயிலில் என்ன முத்திரை இருக்க வேண்டும், இரண்டும் இல்லாமல் யாராவது உங்கள் பெயரில் அனுப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தாயிற்று. உங்கள் முகவரியிலிருந்து என் ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். இன்பாக்ஸில் வந்து நின்றது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையை முடித்ததில் சந்தோஷப்பட்டேன். அதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். மெனக்கெடுகிறேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். இந்த வேலை இருக்கும் நேரத்தில் வீட்டின் அமைதி காதில் விழுவதில்லை.

மற்றது உங்கள் கையில்.

எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். போன வருடம் பழம் வாங்கியவர்களுக்கு மட்டும் முதலில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. படம் வேண்டாம். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள் அல்லவா, அதே மாதிரி எழுதுங்கள். என்ன விஷயமோ அதையே தலைப்பாக வையுங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இனிமேலும் எழுதலாமா என்று. ஒருவர் ஒரு வரி பதில் போட்டால் போதும். இவர்கள் இருவரும் தெரிந்தவர்கள் என்று மெயில் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் அனுப்புவது தவறாமல் வந்து சேரும். பதில் போடாதவர்களை எடுத்துவிட வேண்டும். அவர்களை வைத்துக்கொண்டிருந்தால் வேண்டும் என்கிறவர்களுக்கும் உங்கள் மெயில் போகாது.

பத்திரிகை வழக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. மறுமுனையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிப்ரவரியில் நான் “வேண்டாம்” என்று எழுதியபோது, அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் என்னைச் சும்மா விட்டிருந்தால், அதை நான் அவமரியாதையாக நினைத்திருக்க மாட்டேன். நன்றியோடு நினைத்திருப்பேன். சும்மா விடுவதும் ஒருவருக்குச் செய்யும் உதவிதான்.

தங்கபாண்டியோடு பேசுங்கள். அவர் சொன்னது சரி.

சூரியபிரகாஷ்


பெரியகுளம்
18 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு நதியா எழுதுவது.

தங்கபாண்டியோடு பேசிவிட்டேன். சித்திரை முதல் நாள் வடை சுட்டுக் கொடுத்து சமாதானம். ஓசூரிலிருந்து ஆர்டர் வந்ததால் பேசுகிறேன் என்று சொன்னேன். “அவுகளுக்கு எம்பேர்லயும் ஒரு வணக்கம் எழுதிரு” என்றார். எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி மெயிலை நானே எழுதினேன். இதுதான் எழுதியது:

“வணக்கம். நான் பெரியகுளம் நதியா. கும்பக்கரை ரோட்டில் எங்கள் தோப்பு. இந்த வருசம் காசாலட்டு நன்றாகக் காய்த்திருக்கிறது. இமாம்பசந்த் குறைச்சல்தான். சித்திரைப் பாதியில் பறிக்க ஆரம்பிப்போம். கல்லு வைக்க மாட்டோம், வைக்கோலில்தான் பழுக்கும். உங்களுக்கு இனிமேலும் எழுதலாமா? எழுதலாம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள். வேண்டாம் என்றால் சும்மா இருந்துவிடுங்கள். நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள் என்று நான் நினைக்க மாட்டேன்.”

போன வருசம் வாங்கியவர்களுக்கு முதலில் என்றீர்களே, அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு, அப்புறம்தானே ஊருக்கு.

முதல் நாள் அனுப்பிவிட்டு, அடுப்பில் பாலை வைத்ததை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகு எழுந்தால், போனில் டிங் என்று ஒரு சத்தம். கோயம்புத்தூரில் ஒரு டீச்சர் அம்மா. “மெயிலே காணோம், தோப்பை வித்துட்டீங்களோன்னு நினைச்சோம்” என்று. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கம்பத்துக்காரத் தம்பி ஷானவாஸ், துபாயில் இருக்கிறது, வருசா வருசம் தன் அம்மாவுக்குப் பழம் சொல்லும். பழைய மெயிலெல்லாம் ஸ்பேமில் கிடந்து இப்போதுதான் கண்ணில் பட்டதாம். “எங்கம்மா அம்சத் பீவி பங்குனியில இருந்தே கேட்டுக்கிட்டு இருக்காக, பெரியகுளத்துக்காரம்மா நம்மள மறந்துட்டாகளான்னு” என்று எழுதியிருந்தது. நான் அவர்களை நினைத்து வருந்திக்கொண்டிருக்கிறேன், அவர்கள் என்னை நினைத்து வருந்திக்கொண்டிருக்கிறார்கள்.

பாதித் தோப்புக்கு மேலேயே ஆள் சொல்லிவிட்டார்கள் அண்ணே. நேற்று வீரபாண்டி வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னால் தங்கபாண்டியே, “இந்த வருசம் காயெல்லாம் மரத்துலயே இருக்கட்டும்ணே, கேட்டவுக நெறையா இருக்காக” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையில் பாதி உங்களுக்குத்தான். எங்கேயோ இருக்கிற மனுசன், என் மேல் கோபமாக ஆரம்பித்து, என் தோப்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். இந்த உதவியை நானும் மறக்க மாட்டேன், என் பிள்ளையும் மறக்காது.

பதில் போடாதவர்களை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்துவிட்டு எடுத்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. ஒரு பெயரை மட்டும் எடுக்கவில்லை. சுபாக்காவுக்கு இந்த மெயிலை அனுப்பவும் இல்லை, பெயரை அழிக்கவும் இல்லை. உங்கள் விதிப்படி எடுக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே எடுக்கச் சொல்லிவிட்டீர்கள். கை போகவில்லை.

எங்கள் வழக்கத்தில் இதற்கும் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பெரியவர் தவறிவிட்டால் அந்த வீட்டை விட்டுவிட மாட்டோம். அடுத்த பத்திரிகையில் அவர் பெயரை எழுதி, ‘அவர் வீட்டு இன்னார்’ என்று இருப்பவர் பெயரையும் சேர்த்து எழுதுவோம். அதற்கு அந்த வீட்டார் வாயால் துக்கம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எனக்குச் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் உங்களைக் கேட்காமல் மாற்ற மாட்டேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

நதியா


ஓசூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள நதியா,

தோப்பு தப்பியது என்று படித்தபோது சத்தமாக “அப்பாடா” என்றேன். வீட்டில் கேட்க யாரும் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். தங்கபாண்டிக்கு என் வணக்கம். ஆர்டர் போடுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

என்னால் தப்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கதவைத் திறந்து வைத்தேன். கூப்பிட்டது நீங்கள். உங்கள் மெயிலைப் படித்தால் எனக்கே பதில் போடத் தோன்றுகிறது.

ஸ்பேமில் விழுந்த மெயில் ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். எனக்கு அது தெரியும். சுபாஸ்ரீயின் பெட்டியில் நான் தள்ளிவிட்ட உங்கள் மெயில்கள் இன்னும் ஓரிரு நாளில் இல்லாமல் போகும். அது வரை பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். இன்று சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவள் பெட்டியைத் திறந்தேன்.

அங்கேதான் கிடந்தன. பூத்திருக்கிறது என்றது, பிஞ்சு விட்டிருக்கிறது என்றது, எல்லாம். “ஸ்பேம் இல்லை” என்று ஒவ்வொன்றாகக் குறித்து வெளியே எடுத்தேன். என்ன கோவம் என்று நீங்கள் அவளைக் கேட்டிருந்ததற்குப் பதில் எழுதி அவள் முகவரியிலிருந்தே அனுப்பினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே மறுபடி எழுதவில்லை. இந்தக் கடிதம் வரும் முன்பே அது உங்களிடம் வந்திருக்கும்.

அவள் பெட்டியை இந்த மாதக் கடைசியில் மூடிவிடப் போகிறேன். பேங்க் வேலை முடிந்துவிட்டது. உங்கள் வழக்கப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். என் மெயில் முகவரி கீழே இருக்கிறது.

அன்றைக்குக் காரை விட்டு இறங்கியிருக்கலாம்.

சூரியபிரகாஷ்


பெரியகுளம்
30 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு நதியா எழுதுவது.

இருபத்தொன்றாம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது போனில் டிங் என்று மெயில் வந்தது. எடுத்துப் பார்த்தால் சுபாஸ்ரீ என்று பெயர். போனை அப்படியே தங்கபாண்டி கையில் கொடுத்துவிட்டேன். அவர்தான் படித்துக் காட்டினார்.

“நதியா, கோபம் ஒன்றும் இல்லை. போன வருடப் பழம் நன்றாக இருந்தது. எல்லா வருடமும் நன்றாக இருந்தது. சுபாஸ்ரீ நவம்பர் மாதம் இறந்துவிட்டாள். — அவள் வீட்டு சூரியபிரகாஷ்.”

டைப் செய்ய வராது என்று எழுதியிருந்தீர்களே அண்ணே. எனக்காக அதைச் செய்திருக்கிறீர்கள். அக்கா எங்களோடு வருத்தமாகப் போகவில்லை என்று நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக அழ முடிந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால் பழத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு வருவது இந்த வருசத்து முதல் பறிப்பு. முதல் பெட்டி உங்களுக்கு. அத்தனையும் காசாலட்டு. விலை கேட்டு மெயில் போட்டால், அதைத் திறக்காமலேயே ஸ்பேமில் தள்ளிவிடுவேன். அது எப்படி என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களே. வைக்கோலோடு வருகிறது, ரெண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள், மணம் வந்த பிறகு எடுங்கள். போர்க்கை உள்ளே எடுத்து வையுங்கள். கையில் பிழிந்து தின்றால்தான் அந்தப் பழம். பிசுபிசுத்தால் கழுவிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் செருப்பு கிடக்கிறது என்றீர்கள், அது அங்கேயே கிடக்கட்டும். இந்தப் பெட்டியில் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மாற்றிவிட்டேன். பெட்டியின் மூடியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: சுபாஸ்ரீ வீட்டு சூரியபிரகாஷ், ஓசூர். நாளைக்கு உங்கள் முகவரிக்கு முதல் மெயில் போகும்.

பெட்டி வந்ததும் ஒரு வரி பதில் போடுங்கள் அண்ணே. ஒரு வரி வந்தால் போதும், அடுத்தது தவறாமல் வந்து சேரும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நதியா